எதிர்த்து ஓட்டுப் போட்ட நாணயம்

தங்க நாணயங்களுக்குத் தர மதிப்பெண் போடும் நிறுவனத்தில் அவருக்கு ‘எழுபதக்கா’ என்று பெயர். எழுபது அவருடைய வயதல்ல. வயது அதற்கு வெகுதூரம் இந்தப் பக்கம். அந்தத் தொழிலில் எழுபதுதான் முழு மதிப்பெண். லென்ஸ் வைத்துத் தேடினாலும் ஒரு கீறலோ மங்கலோ அகப்படாத நாணயத்துக்கு மட்டும் அதைக் கொடுப்பார்கள். இவரிடம் எழுபது வாங்குவதற்குள் நாணயத்துக்கே வியர்த்துவிடும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர ரசித்தார் என்றே சொல்ல வேண்டும்.

முன்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வெளிச்சத்தில் எதையும் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது; பிறகு போகவே இல்லை. வீட்டில் டம்ளரைக்கூட ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார். மாடியில் அவரும் பஸ் ஓட்டும் கணவரும் இருந்தார்கள். கீழே கணவரின் தங்கை தையல் கடை வைத்திருந்தாள். அவளுக்கு வாய் கத்தரியைவிடக் கூர்மை.

“அண்ணி, எங்க அண்ணனைக் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படிச் சாய்ச்சுப் பாத்திருந்தீங்கன்னா, அறுபதுகூடத் தேறியிருக்காது” என்பாள்.

“பாக்கெட்டைப் பிரிச்சாச்சு. இனிமே திருப்பி அனுப்ப முடியாது” என்பார் அண்ணன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

துறைமுகத்தின் நூற்றாண்டுக்கு ஒரு தங்க நாணயம் வெளியிட அரசு நாணயச்சாலை முடிவு செய்தபோது, வடிவமைப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு எழுபதக்காவையும் அழைத்தார்கள். அதுவரை அச்சாகி வந்த நாணயத்தில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அச்சாவதற்கு முன்பே வாய் திறக்கச் சொல்கிறார்கள் என்றதும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நாத்தனாரிடம் புது ரவிக்கை தைத்து வாங்கிக்கொண்டு போனார்.

குழுவில் ஐந்து பேர். தலைமை வகித்த அதிகாரி, ஒரு சிற்பி, ஒரு வரலாற்றுப் பேராசிரியை, மரச்சாமான் கடை வைத்திருக்கும் நாணயச் சேகரிப்பாளர் ஒருவர், எழுபதக்கா. வந்த வரைபடங்களைக் கழித்துக் கழித்து, மத்தியானத்துக்குள் இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

முதல் படத்தில் எல்லாமே இருந்தது. கப்பல், பாரந்தூக்கி, நங்கூரம், அலை, உதிக்கும் சூரியன், மூன்று கடற்பறவைகள், மூட்டை சுமக்கும் தொழிலாளர் வரிசை. இரண்டாவதில் ஒரே ஒரு பொருள்தான்: கப்பலைக் கரையில் கட்டும் குட்டையான இரும்புத் தூணும், அதைச் சுற்றி இறுகிய கயிறும். மீதி இடம் முழுக்க வெறுமை.

சிற்பி இரண்டையும் நாணயத்தின் நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் சட்டைப் பொத்தான்களைப் போல அவை கிடந்தன.

“இதைப் பாருங்க. சூரியன் எது, நங்கூரம் எதுன்னு நான் தேடித்தான் கண்டுபிடிக்கணும்” என்றார் எழுபதக்கா. “கல்யாண வீட்டுச் செருப்புக் குவியல் மாதிரி இருக்கு. கயிறைப் பாருங்க. ஒரே பார்வைல பிடிச்சுக்குது. சுத்தியிருக்கிற தங்கம் கண்ணாடி மாதிரி மின்னும்போது தண்ணின்னே தோணும்.”

“வெறும் இடத்துல சின்னக் கீறல் விழுந்தாலும் பளிச்சுனு தெரியுமே?” என்றார் சேகரிப்பாளர்.

“தெரியட்டும். பயந்துக்கிட்டு அழகைக் குறைக்க முடியுமா?”

பேராசிரியை கயிற்றுப் படம் இருந்த காகிதப் பொத்தானைக் கையில் எடுத்தார். “எங்கப்பா அந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். உங்க கயிறு அழகா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நூறு வருஷத்துக்கு ஒரு நாணயம் போடறோம், அதுல ஒரு மனுஷன் இல்லைன்னா எப்படிங்க?”

அது நியாயமான கேள்வி என்று எழுபதக்காவுக்குத் தெரிந்தது. அதற்காகக் கயிற்றை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. “அப்போ மனுஷங்களை வெச்சுக்கிட்டு மத்ததைக் கொட்டிடுங்க” என்றார்.

வாக்கெடுப்பில் நான்குக்கு ஒன்று. தோற்றவர் எழுபதக்கா. ஆனால் அவர் பேச்சுக்கு மதிப்பு கொடுத்து சூரியனையும் பறவைகளையும் எடுத்துவிடச் சொன்னார்கள். “பறவையாவது பறந்துச்சே” என்று வீட்டில் சொன்னார். அன்றிரவு நன்றாகவே தூங்கினார்.

அடுத்த ஆண்டு நாணயம் வெளியானது. வாங்கியவர்கள் தரம் போட்டுத் தரச் சொல்லிப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். மேலாளர் சங்கடத்தோடு அவர் அறைக்கு வந்தார்.

“இந்த நாணயத்தை வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா? நீங்க எதிர்த்து ஓட்டுப் போட்டவங்க. நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லுவாங்க.”

“டிசைன் எனக்குப் பிடிக்கலைங்க. இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்” என்றார் எழுபதக்கா. “ஆனா இங்க நான் பாக்கப்போறது டிசைனை இல்லையே. அச்சு சரியா விழுந்திருக்கா, மேல கீறல் இருக்கா, அவ்வளவுதான். அனுப்புங்க.”

விளக்கைத் தாழ்த்தினார். முதல் நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தார். பாரந்தூக்கியின் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. கப்பலின் பக்கவாட்டில் ஆணித்தலைகள்கூடத் தெரிந்தன. தொழிலாளர் வரிசைக்கு வந்தபோது அவர் கை நின்றது. கடைசி ஆள், கடுகளவு முகம், முதுகில் மூட்டையோடு பின்னால் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். வரைபடத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் படத்தை அவ்வளவு திட்டியிருக்கிறார்.

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாணயத்தை முழுவதும் சோதித்துவிட்டு எழுபது போட்டார்.

அந்த வாரம் அவர் கொடுத்த எழுபதுகளைப் பார்த்து அலுவலகமே வாயைப் பிளந்தது. எல்லாவற்றுக்கும் அல்ல, குறையிருந்த இடத்தில் குறைத்தார். அப்படிக் குறைபட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் மரச்சாமான் கடைக்காரர் நேரில் வந்துவிட்டார். தரம் போடும்போது நாணயம் யாருடையது என்று பார்ப்பவருக்குச் சொல்லமாட்டார்கள். அதனால் அது அவருடையது என்பது எழுபதக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“அன்னைக்கு நீங்க தோத்தீங்க, சரி. அந்தக் கோபத்தைக் காட்ட என் நாணயம்தான் கிடைச்சுதா?” என்றார் சேகரிப்பாளர். முகம் சிவந்திருந்தது.

எழுபதக்கா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “உக்காருங்க. நீங்களே பாருங்க.”

சேகரிப்பாளர், தரம் போட்டதும் சீல் வைத்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியோடு நாணயத்தை விளக்கடியில் பிடித்தார். “ஒண்ணுமில்லையே!”

“இன்னும் கொஞ்சம் சாய்ங்க. கப்பலுக்கு மேல, ஆகாசத்துல.”

சேகரிப்பாளர் சாய்த்தார். திடீரென்று ஆகாசத்தில் மெல்லிய கோடுகள் கொத்தாக எழுந்தன.

“அனுப்பறதுக்கு முன்னாடி துடைச்சீங்களா?” என்றார் எழுபதக்கா.

“கைரேகை பட்டுடுச்சோன்னு லேசா ஒரு தடவை. பட்டுக் கைக்குட்டைம்மா அது!”

“பட்டா இருந்தா என்னங்க, இந்தத் தங்கத்துக்கு அது உப்புத்தாள்தான்.”

மரச்சாமான் கடைக்காரருக்கு உப்புத்தாளைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். எழுபதக்கா அவருக்கு டீ வரவழைத்தார். கயிறா கப்பலா என்று இருவரும் மறுபடியும் முதலிலிருந்து சண்டை போட்டார்கள்.

ஆண்டு முடிவில் சேகரிப்பாளர் சங்கப் பத்திரிகை அந்த வருடத்து நாணயங்களின் வடிவமைப்பைப் பற்றி எழுபதக்காவிடம் கருத்துக் கேட்டது. அவர் பூசி மெழுகவில்லை. துறைமுக நாணயத்தில் மூச்சுவிட இடமில்லை என்று எழுதினார். கூடவே, வரிசையின் கடைசியில் சிரிப்பவன் அந்த ஆண்டின் எல்லா நாணயங்களிலும் மிகச் சிறந்த முகம் என்றும் எழுதினார்.

அது வெளியான சில நாட்களில், நாணயச்சாலையில் அச்சு செதுக்குபவர் அவரைத் தேடி வந்தார். தடித்த கண்ணாடி, தயங்கிய நடை.

“இத்தனை பேர் வாங்கினாங்க. அவனைப் பத்தி ஒருத்தரும் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க.”

“யாருங்க அவன்? உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“யாருமில்லைங்க. எல்லாரும் உம்முனு இருந்தாங்க. ஒருத்தனாவது சிரிக்கட்டும்னு விட்டேன். மேலிடத்துல யாரும் கவனிக்கலை.”

எழுபதக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவரை உட்காரவைத்து, எந்த உளியால் அவ்வளவு சின்ன உதட்டை வளைத்தார் என்பதிலிருந்து கேட்கத் தொடங்கினார். அவரும் தயக்கம் விட்டுப் பேசினார். கயிற்றுப் படமும் தனக்குப் பிடித்திருந்ததாக அவர் சொன்னபோது எழுபதக்காவின் கழுத்து இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

இப்போது அந்தக் குழுவில் செதுக்குபவருக்கும் ஓர் இடம் உண்டு. எழுபதக்கா பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொடுத்தது. இந்த வருடம் ரயில்வேக்கு நாணயம். முதல் கூட்டத்திலேயே, இன்ஜினிலிருந்து புகை வர வேண்டுமா கூடாதா என்று இருவரும் மேசையைத் தட்டிக்கொண்டார்கள். புகை வேண்டும் என்பது செதுக்குபவரின் கட்சி. புகைக்கு இடமே கிடையாது என்பது எழுபதக்காவின் கட்சி. பேராசிரியை நடுவில் உட்கார்ந்து, ரயிலில் யார் யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.