டீச்சர் நம்பரில் மூன்று சட்டை

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய துணிக்கடை. வாங்கிய துணியை மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் ஸ்வீட்லின். சேலையின் மடிப்பைப் பிரிக்காமலே, கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுக் கொண்டுவந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மூக்கு அப்படி. "சாம்பார் வாசம் அடிக்கி, கொண்டு போங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கிங்ஸ்டன். எந்தச் சட்டை வாங்கிக் கொடுத்தாலும் கழுத்து இறுக்குகிறது என்பான், கலர் கண்ணைக் குத்துகிறது என்பான். கடை ஆட்கள் வாங்கியதைத் திருப்பக் கூடாது என்பது கடைச் சட்டம். அவள் என்ன செய்வாள் பாவம்? பில்லுக்கு ஜெமிமா டீச்சரின் போன் நம்பரைச் சொல்லி வாங்குவாள், அதே நம்பரில் திருப்புவாள். அவள் பாடும் சர்ச் பாடகர் குழுவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். குழுவை நடத்தும் டீச்சரின் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம். சொந்த நம்பர்தான் வாயில் வராது.

இந்த மாதம் கம்ப்யூட்டரில் புதுப் பூட்டுப் போட்டார்கள். மூன்று மாதத்தில் நாலு முறைக்கு மேல் திருப்பிய நம்பருக்கு இனி மாற்றிக் கொடுக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சரே வந்து நின்றார். மறுநாள் சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகை; குழு முழுக்க ஒரே ஊதாச் சேலை. டீச்சருடைய சேலை முந்தியில் விரல் நுழைகிற ஓட்டை, நெசவிலேயே வந்த பிழை. நம்பரை அடித்ததும் திரையில் சிவப்பாக வந்தது: 'அடிக்கடி திருப்புபவர். மாற்ற இயலாது.'

மேற்பார்வை பார்க்கும் அகமது மீரான் அண்ணாச்சி பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஒம்பது தடவையா? மூணு ஆம்பளச் சட்டை வேற இருக்கு. நீங்க ஒத்தையாத்தானே இருக்கிய?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனுஷி களவாணி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறதே! டீச்சர் சேலையை மடித்துப் பையில் வைத்தார்.

"என் நம்பர்தானே அண்ணாச்சி, அப்போ நான்தான். விடுங்க, ஊசிநூல் வச்சுத் தச்சுக்கிடுதேன்."

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் டீச்சரின் பேர் போகும். சீ, இந்தக் கிங்ஸ்டன் சட்டைக்காகவா என்று ஸ்வீட்லினுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அண்ணாச்சி, அந்த மூணு சட்டையும் நான் வாங்கித் திருப்புனது. மத்ததெல்லாம் எங்க குழுக்காரிய. டீச்சர் ஒரு கைக்குட்டைகூட திருப்புனதில்ல."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேலியே பயிர மேஞ்சா எப்படிம்மா?"

திட்டிக்கொண்டே பூட்டைத் திறந்து, டீச்சருக்கு வேறு சேலை கொடுக்கச் சொன்னார். ஸ்வீட்லினுக்கு ஒரு மாதம் கவுண்டர் கிடையாது. மேல்மாடியில் பள்ளிச் சீருடை மடிக்க வேண்டும். வேலை தப்பியதே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

வாசல்வரை டீச்சரோடு நடந்தாள். "மன்னிச்சிருங்க டீச்சர், ஒங்க நம்பர நான்..."

"தெரியும்ளா. ஒவ்வொரு தடவையும் எனக்கு மெசேஜ் வரும்லா?"

ஸ்வீட்லின் நடையை நிறுத்தினாள். "பொறவு அங்கன வச்சு ஏன் சொல்லல?"

"சேலை கெடக்கு," என்றார் டீச்சர். "ஒன் வேலை போயிருந்தா நீ எங்க போவ?"