தன் ஓபராவைத் தானே கிழித்தவர்

போன ஞாயிறு சர்ச்சில் மாஸ் முடிந்த கையோடு ஸ்டெல்லாவை இரினா வீட்டுக்குக் கடத்திக்கொண்டு போனேன்.

ஸ்டெல்லா எங்கள் தமிழ் மாஸில் கீபோர்டு வாசிப்பவள், நாகர்கோவில்காரி. இரினா, நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் பக்கத்து வீட்டு ரஷ்யப் பெண்மணி. அவருடைய கொள்ளுத்தாத்தா ஓர் இசையமைப்பாளராம்! பெயரைச் சொன்னால் ரஷ்யர்களுக்கே தெரியாதாம்.

மனிதருக்குப் பிழைப்பு, பத்திரிகையில் இசை விமர்சனம். காரமான பேனா. சுருதி பிசகிய பாடகர், தூங்கி வழிந்த ஆர்கெஸ்ட்ரா – யாரையும் விட்டதில்லை. ஒருநாள் அவரே ஓபரா எழுதி மேடையேற்றினார். அரங்கில் யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்! ஒரு கைதட்டல் இல்லை. பாதியில் எழுந்து போனார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போய், தன் ஓபராவுக்குத் தானே விமர்சனம் எழுதினார். மூன்றாம் காட்சியில் தனக்கே கொட்டாவி வந்ததாக! அது அச்சிலும் வந்தது.

அப்புறம் ஓபரா பக்கமே போகவில்லை. பியானோவுக்காகச் சின்னதாக ஒன்று எழுதினார்... யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அவருக்குப் பின் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பியானோ தெரியாது. இசைக்குறிப்புத் தாள்கள் மட்டும் கைமாறிக் கைமாறி நியூ ஜெர்சி வரை வந்துவிட்டன.

"அது எப்படி இருக்கும் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று இரினா சொன்ன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளுமா? அதான் ஸ்டெல்லா!

கார் டிரங்க்கிலிருந்து கீபோர்டை இறக்கி, டைனிங் டேபிளில் வைத்து வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். இரினா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடவும் பயந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் ஸ்டெல்லா என் காதில் கிசுகிசுத்தாள். "நல்லாதான் இருக்குடி... ஆனா மிடில்ல ரொம்ப இழுக்குது. கொஞ்சம் எடிட் பண்ணிருக்கலாம்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் இரினா.

"அற்புதமாம்!"

"அவள் முகம் அப்படிச் சொல்லவில்லையே. பரவாயில்லை, உண்மையைச் சொல்."

மென்று விழுங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். இரினாவோ ஸ்டெல்லா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த இழுக்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கிறாயா?"

சொந்தக்காரர்களுக்கு எதுவுமே நீளமில்லை போலிருக்கிறது!