இரண்டாவது ஆயா

பால்வாடி ஆசிரியையாக எனக்கு முதல் வேலை கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கிடைத்தது. அறுபதுகளின் கடைசி. அப்பா திருவள்ளூரில் கோயில் கைங்கரியத்தில் இருந்தார். பெண்ணை ஊத்துக்கோட்டை பஸ்ஸில் தனியாக ஏற்றிவிட அவருக்கு மனமில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கூடம், பால் பவுடர் மூட்டை, கோதுமை ரவை, ஒரு ஆயா. அவ்வளவுதான் பால்வாடி.

நடவு தொடங்கிய வாரத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். நாலு வயதுப் பெண் குழந்தை. கழுத்து நிற்கவில்லை. விறைத்த கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கண்கள் மட்டும் கூடத்தில் ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தன.

"பொறந்தப்பவே அழுவல டீச்சர். அப்புறம் ஜுரம் வந்து இப்டி ஆயிடிச்சி. நடவுக்குப் போறப்ப மரத்தாண்ட துணிய விரிச்சிப் படுக்க வெச்சிட்டுப் போவேன். நேத்து வந்து பாத்தா எறும்பு மொய்ச்சிக்கினு கெடக்குது. கத்தக்கூட முடியல அதால."

குழந்தையின் கழுத்தோரம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல முடியாது.

ஆயா நல்லவள். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவது, தண்ணீர் தூக்குவது, உப்புமா கிளறுவது எல்லாம் அவள்தான். இந்தக் குழந்தையையோ ஒருவர் மடியில் சாய்த்து, தாடையைத் தாங்கிப் பிடித்து, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். அவளை மடியில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அப்படி இருந்த ஒருநாள் மூன்று வயதுக் குழந்தை ஒன்று நழுவி ஏரிக்கரை வரை போய்விட்டது. ஆயா ஓடிப்போய்த் தூக்கிவந்தாள். மூச்சு இரைக்க என் முன்னால் நின்றாள்.

"இதுக்குன்னு தனியா ஒரு ஆளு வேணும் டீச்சர். இல்லன்னா ஒருநாளு நாம ரெண்டு பேரும் பேஜாருல மாட்டிக்குவோம்."

அவள் சொன்னது நியாயம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன். பால்வாடிகளை மேற்பார்வை செய்யும் அதிகாரி அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பால்வாடிக்கு ஒரு ஆயாவுக்குத்தாம்மா சம்பளம். ஊனமான குழந்தைக்குன்னு தனியா நிதி ஒண்ணும் கிடையாது. நீ ஏன் இதை இழுத்துப் போட்டுக்கறே?" என்றார்.

"ஒரு தடவை வந்து பாருங்கம்மா."

முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை வாந்தியெடுத்தது. வேறு வழியில்லாமல் மடியிலிருந்தவளை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் கஞ்சி. குழந்தை அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்து வாயெல்லாம் எச்சிலாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கஞ்சி முழுவதும் உள்ளே போக எவ்வளவு நேரமாகிறது என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார். கிளம்பும்போது, "யூனியன் கூட்டத்துக்கு நீயும் வா. அந்தக் குழந்தையோட அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

கூட்டத்தில் அவரே எழுந்து பேசினார். சேர்மன் பெரிய நிலக்காரர். அந்தப் பெண் நடவுக்குப் போவது அவர் கழனிக்குத்தான். அவர் கெட்ட மனிதரில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? பெத்தவளயே ஆயாவா போட்டுடலாம். அவளுக்கும் ஒரு சம்பளம் ஆச்சி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கதவோரம் நின்றிருந்த தாய், "வேணாம் நைனா" என்றாள்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"கொழந்தயோட நானே குந்திக்கினு இருக்கறதுன்னா எங்கூட்லயே குந்திக்கினு இருப்பனே. நாலு வருசமா அதுக்கு என் ஒருத்தி கைதான் தெரியும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா யார்கிட்ட அது வாயத் தொறக்கும்? வேற கையும் பழகட்டும். நான் கழனிக்கே போறேன். நாலு பொம்பளைங்களோட சிரிச்சிப் பேசிக்கினு வேல செய்யறது எனக்கும் வேண்டியிருக்குது."

சேர்மன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கழனியில் இத்தனை வருஷம் வேலை செய்தவளின் குரலை அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். யூனியனின் பொது நிதியிலிருந்து, அரைச் சம்பளத்தில், ஒரு வருஷத்துக்கு மட்டும் இரண்டாவது ஆயா என்று தீர்மானமாயிற்று.

வந்தவள் பிள்ளையில்லாத ஒரு விதவை. செங்கல் சூளையில் வேலை செய்தவள். முதல் இரண்டு வாரம் குழந்தை அவளிடம் வாயைத் திறக்கவே இல்லை. அழுது அழுது உடம்பு விறைத்தது. அவளும் சேர்ந்து அழுதாள். பிறகு ஒருநாள் ரவை மூட்டைகளை மூலையில் அணைகொடுத்துக் குழந்தையை உட்காரவைத்தோம். உட்கார்ந்தபடி கூடத்தைப் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மற்றப் பிள்ளைகள் தட்டோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் புது ஆயா ஊட்டியதைச் சாப்பிட்டாள்.

வருஷம் முடியும்போதெல்லாம் நிதி நின்றுவிடுமோ என்று யூனியன் ஆபீசுக்கு நடப்பேன். அதிகாரி அம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக்கொடுத்தார். அடுத்த கிராமத்தில் கண் தெரியாத ஒரு பையனுக்காகவும் வாங்கினார். இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை வீடுகளுக்குள் கிடந்தார்கள் என்று தெரிந்தது.

அந்தப் பெண் குழந்தை நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். வயது தாண்டியும் பால்வாடியிலேயே இருந்தாள். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. நான் கல்யாணமாகிச் செவ்வாப்பேட்டைக்குப் போன பிறகு ஒருமுறை பார்க்க வந்தேன். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லை மட்டும், எல்லோரும் முடித்த பிறகு, அவள் தனியாக உரக்கச் சொன்னாள். புதிய டீச்சர் அதற்காக நிறுத்தி, காத்திருந்து, அடுத்த அடியைத் தொடங்கினார்.