அடுத்தவர் போட்ட புரோகிராம்

என் மனைவி எழுதிய முதல் விண்டோஸ் புரோகிராம், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு முதலாளிக்காக. ஆர்டர்களையும் பண்டல் சீட்டுகளையும் அது பார்த்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் பிற்பாதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடியது.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நம்ம வீட்டுல ஓடுறது ஒரு பெருமையா?" என்றாள். புரோகிராமை உருவாக்கும் கம்பைலர் இருக்கும் கம்ப்யூட்டரில் அதன் ரன்டைம் ஃபைல்களும் இருக்கும். அவை இல்லாத இடத்தில் புரோகிராம் எழுந்தே நிற்காது. ஆகவே அவற்றையும் பிளாப்பிகளில் ஏற்றி, தூசி படாமல் டிபன் பாக்ஸில் வைத்துப் பஸ் ஏறினோம். டிபன் பாக்ஸைத் தூக்குவது என் உத்தியோகம்.

முதலாளிக்குப் பொறுமை கிடையாது. "இன்னைக்கு ஓடலைன்னா மதுரைக்காரங்ககிட்டயே குடுத்துருவேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே சம்பளப் புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தவர்கள் அந்த மதுரைக்காரர்கள்.

பாதி இன்ஸ்டாலில் திரை கேட்டது: இதே பெயரில் புதிய ஃபைல் இங்கே இருக்கிறது, அதை எடுத்துவிட்டு உங்கள் பழையதைப் போடவா? வேண்டாம் என்றாள். எங்கள் புரோகிராம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அந்தப் புதிய ஃபைலோடு அதற்கு ஒத்துவரவில்லை.

"போடுன்னு அமுக்கிரும்மா" என்றார் முதலாளி. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருப்பேன்.

"அமுக்குனா நம்மது ஓடும் மொதலாளி. அந்தப் புது ஃபைல் போயிட்டா மதுரைக்காரவியளோடது படுத்துரும். நாளைக்கு எம்புட்டுப் பேருக்குச் சம்பளம் போடணும்? செத்த நேரம் பொறுங்க."

"அவிய ஒனக்குப் போட்டியில்லா?"

அவள் எல்லாப் புரோகிராம்களும் பகிர்ந்துகொள்ளும் விண்டோஸின் பொது ஃபோல்டரைத் தொடாமல், எங்கள் பழைய ஃபைலை எங்கள் புரோகிராமின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தாள். தனக்கு வேண்டிய ஃபைலைப் புரோகிராம் முதலில் அங்கேதான் தேடும். கட்டுச்சோறு கொண்டு வந்தவள் அந்த வீட்டு அடுப்பில் ஏன் கை வைக்க வேண்டும்? பிறகு அவள் முதலில் திறந்தது எங்கள் புரோகிராமை அல்ல, மதுரைக்காரர்களுடையதை. ஓர் ஆளின் சம்பளச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து, வரி வரியாகச் சரிபார்த்தாள். என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் கர்வமாக இருந்தது.

"அவியளது நல்லா இருக்கு. இனி நம்மதத் தெறக்கேன் மொதலாளி" என்று மவுஸைப் பிடித்தாள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ நிதானமாத் தெற. ஓடுனாலும் ஓடாட்டியும் ஆர்டர் ஒனக்குத்தாம்மா."