கழுவி வைத்த எண்ணெய்க்கலம்

என் மனைவியின் தம்பி காட்டுப்பாக்கத்தில் பாத்திரங்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அண்டாக்களும் தவலைகளும் இட்டிலிக் கொப்பரைகளும் அவர் வீட்டு முற்றத்தில் சுவர் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை மாங்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் சுமந்து சென்று, விருந்து முடிந்தபின் மீட்டு வருவது ஒரு பழைய டீசல் சரக்குந்து. முன்னே இருவர் அமரும் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய சிறு வண்டி. பதினெட்டு ஆண்டுகளாக அவர் குடும்பம் உண்டதெல்லாம் அந்த வண்டி ஓடியதால் உண்டது என்று சொன்னால் மிகையாகாது.

சென்ற மழைக்காலத்தில் மாங்காட்டுச் சாலையில் நீர் தேங்கியிருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத கல்லொன்று வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. அன்று முதல் நின்ற இடத்திலெல்லாம் கரிய எண்ணெய்த் துளி விழத் தொடங்கியது. சில திங்கள் கழித்து வேறொரு குறி தோன்றியது. வண்டி நின்றபடி உறுமும்போது எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கிற்று. பூந்தமல்லியைச் சேர்ந்த இயந்திரப் பணியாளர் ஒருவர்தான் அந்த வண்டிக்கு நெடுநாள் மருத்துவர். மைத்துனர் அவரைப் பாய் என்று அழைப்பார். பாய் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு இரண்டே வாய்ப்புகளைச் சொன்னார்.

“ரெண்டுல ஒண்ணு அண்ணாத்தே. ஆயில இழுக்கிற சல்லடை அடச்சிக்கினு இருக்கணும். இல்லாங்காட்டி பேரிங் தேஞ்சிருக்கணும். ஆயில் சம்ப்பக் கழட்டினா தெரிஞ்சிடும்.”

அவர் சம்ப் என்றது பொறியின் அடியில் மாட்டப்பட்டிருக்கும் இரும்புக் கலத்தை. உயவு எண்ணெய் முழுவதும் அதில்தான் தேங்கி நிற்கும். சல்லடை அடைத்திருந்தால் ஒரு நாள் வேலை. பேரிங் எனப்படும் தாங்கிகள் தேய்ந்திருந்தால் பொறியையே இறக்கிப் பிரித்தாக வேண்டும். அவ்வளவு பழைய வண்டிக்கு அது தகுமா என்பது மைத்துனரின் கவலை. அடுக்ககமொன்றில் குடியிருக்கும் அவர் மகள், கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து தங்குமாறு இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தாள். இவரோ போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாய் சொன்னதைக் கேட்டதும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அல்லது, முடிவெடுக்கும் பொறுப்பை அந்தக் கலத்தின் தலையில் ஏற்றினார்.

“பேரிங் போயிருந்துச்சுன்னா வண்டிய காயலான் கடைக்கு அனுப்பிட்டு, கடையையும் மூடிடறேன் மாமா,” என்று கைபேசியில் எனக்குச் சொன்னார். மாங்காட்டில் ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காதணி விழாவுக்குப் பாத்திரம் கேட்டிருந்தனர். வெள்ளிக்கிழமை மாலை சொல்கிறேன் என்று அவர்களிடம் தவணை கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நானும் உடனிருந்தால் தெம்பாக இருக்கும் என்றார். நான் அன்று காலையிலேயே ஆவடி சேக்காட்டிலிருந்து புறப்பட்டுச் சென்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி முற்றத்தின் நடுவே, முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி கட்டைகளின்மேல் நின்றிருந்தது. எண்ணெய் முன்பே வடிக்கப்பட்டுவிட்டது. கட்டடப் பலகைகளுக்குப் பூசுவதற்கென்று சென்ட்ரிங் வேலை செய்பவர் ஒருவர் அதைத் தகரத்தில் வாங்கிச் சென்றும் விட்டாராம். பாய் வண்டிக்கு அடியில் சாக்கின்மேல் படுத்திருந்தார். கலத்தின் விளிம்பைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட மரையாணிகள். அவற்றில் நீளமானவை சில, குட்டையானவை பல. இடம் மாறினால் மரை கெட்டுவிடும். அவர் ஒவ்வொன்றாய்க் கழற்றி நீட்ட, மைத்துனரின் மனைவி ஓர் இட்டிலித் தட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். குழிக்கு ஒன்றாக, கழற்றிய முறைப்படி அவற்றை அடுக்குவது என் பணியாயிற்று. குழிகள் போதாமல் இரண்டாம் தட்டும் வந்தது.

ஆணிகள் எல்லாம் கழன்றபின்னும் கலம் அசையவில்லை. முன்பு எவரோ பூசிய பசை இறுகிப் பிடித்திருந்தது. திருப்புளியால் நெம்பினால் விளிம்பு வளையும் என்றார் பாய். மெல்லிய தகடாக ஏதேனும் உண்டா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், அகலமான தோசைத்திருப்பி ஒன்று அவர் கைக்குப் போயிற்று. அதைப் பசைக்குள் நுழைத்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். கலம் ஒரு விரல் அளவு இறங்கியது. அதற்குமேல் வரவில்லை. சட்டத்தின் குறுக்குக் கட்டை கீழே தடுத்தது.

“எஞ்சின கொஞ்சம் தூக்கினாத்தான் வெளிய வருவேன்னு சொல்லுது,” என்றார் அடியிலிருந்து.

“கல்யாணப் பொண்ணு கூட இவ்ளோ அடம் புடிக்கல பாய்,” என்றார் மைத்துனர்.

பொறியைத் தாங்கும் இரு பிடிகளையும் தளர்த்தி, மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்து, பளுதூக்கியால் பொறியை நான்கு விரல் உயர்த்தினார்கள். பாய் கலத்தை முன்புறமாகச் சாய்த்து, உள்ளே தொங்கும் சல்லடைக் குழாயில் சிக்காமல் திருப்பி, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் மார்பின்மேல் இறக்கிக்கொண்டார். அடியில் கைப்பிடியளவு கரிய கசடு தேங்கியிருந்தது. அதை உற்றுப் பார்ப்பதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கலத்தைச் சுவரோரம் நிழலில் வைத்துவிட்டு, கைகளை டீசலிலும் சவர்க்காரத்திலும் கழுவிக்கொண்டு, ஈருருளியில் ஏறுமுன் என்னிடம் மட்டும் ஒரு சொல் சொன்னார்.

“கசடுல பளபளன்னு தூள் கீதான்னு வந்து பாக்கலாம் சார். இருந்துச்சுன்னா பேரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுதான் இந்த வண்டிக்கு ஜாதகம்.”

நான் தலையசைத்தேன். மைத்துனர் புதிய பசை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி அடுக்களையில் இருந்தார். கேட்ட செய்தியை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையோடு கொண்டு சென்றிருந்த அச்சுப்படிகளைத் திருத்த அமர்ந்தேன்.

சிறிது நேரத்தில் வீட்டின் பின்புறமிருந்து பாத்திரம் தேய்க்கும் ஓசை கேட்டது. தேங்காய் நாரும் செங்கல் தூளும் உலோகத்தின்மேல் உரசும் அந்த ஓசை அவ்வீட்டில் என்றும் கேட்பது. அது கேட்காவிட்டால்தான் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் கலம் எதுவாயினும், அழுக்கோடு ஓர் இரவுகூட முற்றத்தில் இருக்கக் கூடாது. எந்த மண்டபத்தில் கழுவித் தந்திருந்தாலும் இங்கு மறுபடி கழுவப்படும். கழுவியவை கிழக்குச் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்படும். பாய் தொழுகை முடித்து வந்தபோது அந்த வரிசையில், இரு அண்டாக்களுக்கு நடுவே, எண்ணெய்க்கலம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அது பட்ட அடியின் பள்ளம்கூடத் துலங்கித் தெரிந்தது.

பாய் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

“இன்னா யக்கா, இதுல சாம்பார் வைக்கப் போறியா?”

“கருப்பா இருந்துச்சு பாய். எடுத்து மாட்டும்போது சுத்தமா இருக்கட்டுமேன்னு,” என்றார் மைத்துனரின் மனைவி. பிறகு பாயின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். நான் எழுந்து நின்று, பிழை என்னுடையது என்றேன். பாய் கூறியதை அவரிடம் முழுமையாக ஒப்புவித்தேன். அந்நேரத்தில் பசைக் குழாயோடு திரும்பிய மைத்துனரும் அதைக் கேட்டார். வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

“அதுவும் போச்சா,” என்றார் தமக்குள்.

முதலில் நிமிர்ந்தவர் அவர் மனைவிதான். கழுவுமிடத்தின் நீர் வெளியேறும் வாயில் அவர் எப்போதும் மெல்லிய துணியொன்றைக் கட்டிவைப்பார். விருந்துப் பாத்திரங்களின் மிச்சத்தோடு பிறருடைய பொருள்களும் வந்துவிடுவதுண்டு. ஒருமுறை பாயசத் தவலையில் கிடந்த மூக்குத்தியை உரியவர் வீட்டுக்கே சென்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தத் துணியை அவிழ்த்து, நீர் சொட்டச் சொட்ட இருகைகளிலும் ஏந்தி வந்தார்.

“இதத் தாண்டி ஒண்ணும் போயிருக்காது பாய்.”

பாய் அதை ஒரு தாம்பாளத்தில் விரித்து, டீசல் ஊற்றி மெல்ல அலசினார். கரி கரைந்து ஓடியது. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது துணியின்மேல் பொன்னிறத்திலும் செந்நிறத்திலும் நுண்ணிய துகள்கள் மின்னின. மைத்துனர் எழுந்து வந்து குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாய் துணியை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் பார்வை துணியிலிருந்து கிழக்குச் சுவரோரம் இருந்த பித்தளை அண்டாக்களுக்கும் செப்புத் தவலைகளுக்கும் சென்றது. அவையும் அன்று காலை அதே இடத்தில், அதே செங்கல் தூளால் தேய்க்கப்பட்டவை.

“இது உங்க அண்டாவா, எஞ்சினா? என்னால சொல்ல முடியாது அண்ணாத்தே.”

“அப்ப போயிடுச்சுன்னே வச்சுக்குங்க,” என்றார் மைத்துனர்.

அச்சொல்லில் வருத்தத்தைவிட ஓய்வே மிகுந்திருந்ததாக எனக்குப் பட்டது. நெடுந்தொலைவு நடந்தவர் எந்த நிழலாயினும் உட்காரலாம் என்று நினைப்பது போன்ற குரல். அவர் மனைவி தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

“தெரியாதுன்னுதானே பாய் சொன்னாரு? தெரியாததுக்கு ஏன் கடைய மூடணும்?”

அன்றுவரை கடையைப் பற்றி அவர் கருத்தை எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பாய் இருவருக்கும் இடையில் வரவில்லை. சாக்கை உதறி மறுபடி அடியில் விரித்தார். கலம் கழன்றிருப்பதால் ஒரு தாங்கியின் மூடியைக் கழற்றி நேரிலேயே பார்த்துவிடலாம் என்றும், எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் உள்ளதைத் திறந்தால் மற்றவற்றைப் பற்றிய ஐயமும் தீரும் என்றும் விளக்கினார். சாதாரணமாக அவ்வளவு தூரம் போகமாட்டாராம். கசடைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். முதலில் சல்லடையைக் கழற்றி நீட்டினார். அதன் முகம் முழுதும், பழைய பசையின் துணுக்குகள் உலர்ந்த சோற்றுப் பருக்கைகள்போல் ஒட்டியிருந்தன. முன்பு கலத்தை மாட்டியவர் கை தாராளமாகப் பசை பூச, பிதுங்கி உள்ளே விழுந்தவை அவை. ஆனால் அது பாதி விடைதான். எண்ணெய் குறைந்து ஓடிய நாள்களில் தாங்கி தேய்ந்திருக்கவும் கூடும்.

அதன்பின் நெடுநேரம் அடியிலிருந்து திருகும் ஓசை மட்டுமே வந்தது. மைத்துனர் வண்டியின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் தாங்கியின் ஒரு பாதியான, பிறை வடிவச் சிறு தகடொன்றை ஏந்திய பாயின் கை வெளியே நீண்டது. துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். நல்ல ஈயச் சாம்பல் நிறம். நடுவில் நகத்தால் கீறினாற்போல் இரண்டு மெல்லிய கோடுகள்.

“தேஞ்சிருந்தா உள்ள செம்பு தெரியும். இதுல தெரியல. நல்லா கீது. இன்னும் ஓடும்.”

“எவ்ளோ நாள்?” என்றார் மைத்துனர்.

“ஓட்டறவரைக்கும்.”

மைத்துனர் அந்தத் தகட்டை வாங்கிப் பெருவிரலால் தடவினார். நாங்கள் எதிர்பார்த்த மகிழ்ச்சியை அவர் காட்டவில்லை. சாக்குச் சொல்ல ஒன்றும் மீதமில்லாதவராய் அதைப் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சற்றே தள்ளிப்போய்க் கைபேசியை எடுத்தார். மாங்காட்டு வீட்டாருக்குத்தான் பேசினார். ஞாயிறு விடியலில் பாத்திரம் வந்துவிடும் என்று சொல்லி, இட்டிலிக் கொப்பரை ஒன்றா இரண்டா என்று கேட்டார். அதை முடித்தபின் மகளை அழைத்தார். நான் காது கொடுக்கவில்லை. ஆயினும், “இப்ப இல்லம்மா,” என்று அவர் சொன்னது கேட்டது. இரண்டு ஆண்டுகளில் அவர் அவளுக்குத் தந்த முதல் விடை அது.

கலத்தின் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தி, விளிம்பைச் சீராக்கி, நூல் கனத்துக்கு மட்டும் பசை பூசி, மாலைக்குள் மாட்டிவிட்டார்கள். இட்டிலிக் குழிகளிலிருந்து ஆணிகளை நான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் இடம் மாறவில்லை. பசை இறுகும்வரை எண்ணெய் ஊற்றலாகாது என்பதால் மீதி வேலை மறுநாளைக்கு நின்றது.

பாய் கருவிகளைப் பையில் இட்டுக்கொண்டிருந்தபோது மைத்துனரின் மனைவி வந்தார். ஒரு கையில் எண்ணெய் படிந்த இட்டிலித் தட்டுகள், மறுகையில் விளிம்பெல்லாம் பசை ஒட்டிய தோசைத்திருப்பி. கழுவுமிடத்துக்குப் போகும் வழியில் நின்றார்.

“பாய், இதெல்லாம் கழுவலாமா? இல்ல, இதுலயும் ஏதாச்சும் பாக்கணுமா?”

பாய் தட்டுகளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு குழியையும் முகத்தருகே கொண்டுபோய் முறையாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

“கழுவு யக்கா. ஞாயித்துக்கிழம இட்லி சுடணும்ல.”