ஒரு காதுக்கு மட்டும் மாமன்

என் தங்கையின் மாமனார் வீட்டைப் பொறுத்தவரை நான் லாரி ஓட்டுவதில்லை, 'லாஜிஸ்டிக்ஸில்' இருக்கிறேன். தங்கை கல்யாணத்தன்றே இந்தப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. பந்தியில் யாரோ என்னைப் பற்றி விசாரிக்க, மாமனார் அப்படிச் சொன்னார். வட இந்தியா முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அதில் பொய் ஒன்றுமில்லை. பல வருஷமாக வட இந்தியாவை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், லாரியின் முன்கண்ணாடி வழியாக.

அவர் கோயமுத்தூரில் பம்பு மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர். தயாராகும் மோட்டார்களை நாசிக்குக்கும் இந்தூருக்கும் என்னைப் போல ஒருவன்தான் ஏற்றிக்கொண்டு போகிறான். மோட்டாருக்கு லாரி ஆகும், சம்பந்தத்துக்குத்தான் ஆகாது. மாப்பிள்ளை பரவாயில்லை, நல்ல பிள்ளை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டதால், மாமனாருக்கு என்னைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போய்விட்டது.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது தாண்டியதும் பவானிப் பக்கம் இருக்கும் அவர்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக முடிவானது. காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடி வேண்டும். அந்த இடத்தில் லாஜிஸ்டிக்ஸ், லாரி என்ற பேதமெல்லாம் கிடையாது. அவளோடு கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கும் அந்த மடி மரியாதை ரொம்ப வேண்டியிருந்தது, மறைப்பானேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், 'லாரியா' என்று இழுத்துவிட்டு, காபியும் மிக்சரும் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அந்த மிக்சரைத் தின்று தின்றே நாற்பதைத் தொட்டுவிட்டேன். மணவறையில் உட்கார எனக்கு வாய்க்காது என்று தெரிந்துபோயிற்று. ஊர் பார்க்க, நடுச் சபையில், மாலையோடு நான் உட்காரப்போவது இந்த ஒரு தடவைதான்.

காதுகுத்துக்கு முந்தின வாரம் நான் குஜராத்தில் ஒரு கிடங்கின் வாசலில் கிடந்தேன். சரக்கை இறக்குவார்கள், இறக்குவார்கள் என்று காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. கிடங்கு மேனேஜர் என்று ஒருவர், கையில் எப்போதும் டீ கிளாசோடு வெளியே வந்து, என் வண்டியைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு உள்ளே போவார். அதற்குச் சம்பளம் உண்டு போலிருக்கிறது.

அப்போதுதான் மாமனார் போன் செய்தார். நான் அவ்வளவு தூரத்திலிருந்து அவதிப்பட்டு வரவேண்டாம் என்றார். என் பெரியப்பா மகன் இருக்கிறானே, அவனும் தாய்மாமன் முறைதானே என்றார். முறைதான். அவனும் சரவணம்பட்டிக்காரன், தங்கை குடியிருக்கும் அதே அபார்ட்மென்டில் இரண்டு மாடி கீழே இருக்கிறான், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். சபையில் உட்கார வைத்தால் பார்க்க அம்சமாக இருப்பான்.

"நீங்களும் இருந்த மாதிரி ஆயிருமுங்க தம்பி. செல்லுல வீடியோ போட்டுப் பக்கத்துல வெச்சுப்போடறோம். அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணிப்போடுங்க."

"மடியைச் செல்லுல அனுப்ப முடியாதுங்க மாமா. நானே வாரேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வண்டி காலியாகத் திரும்ப ஓனர் விடமாட்டார். புரோக்கர் ஆபீசில் பீகாருக்கு லோடு இருக்கிறது, ஒடிசாவுக்கு இருக்கிறது, நேபாள எல்லைக்குக்கூட இருக்கிறது என்றார்கள். தெற்கே போக மட்டும் இந்த நாட்டில் யாருக்கும் ஒரு மூட்டைகூட இல்லை. ஓனர் போனில் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் பெருந்துறையில் ஒரு நூல் மில்லுக்குப் பஞ்சு லோடு கிடைத்தது. பவானிக்குப் பக்கம். அந்தப் பஞ்சு பேல்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

வழியில் சமைக்கவில்லை. வழக்கமாக நல்ல நிழலாகப் பார்த்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, சோறும் ரசமும் வைத்துத் தின்பதுதான் எங்களுக்கு ஊர் ஞாபகம் போகாமல் இருக்க வழி. இந்தத் தடவை கண்ட தாபாவில் காய்ந்த ரொட்டியையும், பருப்பு என்று சொல்லிக்கொண்ட மஞ்சள் தண்ணீரையும் முழுங்கிக்கொண்டு ஓட்டினேன். தங்கை அடிக்கடி கூப்பிட்டு எங்கே வருகிறேன் என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும், பக்கத்தில் வந்துவிட்டேன் என்றேன். மகாராஷ்டிராவில் இருந்தபோதும் அதையேதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தேன். மில்லில் அன்றைக்குச் சரக்கு இறக்கமாட்டார்கள் என்பதால், லோடோடு நேராகக் கோயிலுக்கே விட்டேன். பெட்ரோல் பங்க்கில் குளித்து, கேபினுக்குள் பத்திரமாக வைத்திருந்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டேன். பத்திரமாகத்தான் இருந்தது, டீசல் வாசம்தான் ஏறியிருந்தது. கோயில் வளைவுக்குள் வண்டி நுழையாது. ரோட்டோரமாக நிறுத்தி இறங்கினால், மாமனாரே எதிரில் நிற்கிறார்.

லாஜிஸ்டிக்ஸ் அதிகாரி வருவார் என்று சொந்தபந்தங்களிடம் சொல்லி வைத்திருந்தவர், பின்னால் மலைபோல் தார்ப்பாய் கட்டிய வண்டியைப் பார்த்தார். கார்கள் வரவேண்டும், வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம், வளைவு தாண்டி, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் கேட்டார். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் மரியாதை குறையாது. தள்ளி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியதும், விருந்தாளிகளின் கார்கள் எல்லாம் என் லாரியின் நிழலைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டு நின்றன.

உள்ளே பெரியப்பா மகன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று எழுந்து, உங்களுக்காகத்தான் இடம் பிடித்து வைத்திருந்தேன் அண்ணா என்றான், பஸ்ஸில் சீட் பிடித்தவன் மாதிரி. மனசாரத்தான் சொன்னான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

மாலையைப் போட்டார்கள். உட்கார்ந்தேன். சபையை ஒரு சுற்றுப் பார்த்தேன், மாமனாரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, அது நிமிர்ந்து என் மீசையைப் பார்த்தது.

அப்படி ஓர் அலறலை நான் அதுவரை கேட்டதில்லை. ஆசாரி இன்னும் பையையே திறக்கவில்லை. கிலுகிலுப்பை ஆட்டினார்கள், செல்லில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். அது வளைந்து நெளிந்து என் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. எப்படியோ அமுக்கிப் பிடித்து இடது காதைக் குத்தியாயிற்று. வலது காதுக்கு விடவே இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பெரியப்பா மகனிடம் தாவியது. குழந்தை ஆடாமல் இருந்தால்தான் குத்த முடியும், எசகுபிசகாகப் போய்விடும் என்று ஆசாரி கையை எடுத்துவிட்டார்.

தங்கை குனிந்து என் காதோரம் சொன்னாள்.

"அண்ணா, அவங்கிட்டக் குடுத்துரு. தெனமும் ஊட்டுக்கு வந்து தூக்கறவன். அவங்கிட்டன்னா இருப்பா."

கொடுத்தேன். அவன் சங்கடத்தோடு என் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். குழந்தை அவன் தோளில் முகத்தைப் புதைத்தது. ஒரு சின்ன சிணுங்கல். வலது காது முடிந்தது. அதே ஆசாரி, அதே ஊசி. நான் மாலையோடு வெறும் மடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது, அதைவிட வலித்தது. மாமனார் என் தோளில் கை வைத்து, குழந்தைக்கு என்ன விவரம் தெரியும், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவரை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றியது. முதல்முறையாக அவர் எனக்கு நிஜமாக இரக்கப்பட்டார் என்பதால் இன்னும் பலமாகத் தோன்றியது.

பந்தியில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, கறியை அள்ளி அள்ளி வைக்கச் சொன்னார். எதிரில் இருந்த ஒருவர், தன் மகன் இன்ஜினியரிங் முடித்துச் சும்மா இருப்பதாகவும், என் லாஜிஸ்டிக்ஸில் ஏதாவது பார்த்துச் சேர்த்துவிட வேண்டும் என்றும் கேட்டார். ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். அதற்குப் பிறகு அவர் எலும்பில் கவனமாகிவிட்டார்.

கிளம்பும்போது தங்கை குழந்தையோடு ரோடு வரை வந்தாள். பெரியப்பா மகனைப் போல நீயும் பக்கத்தில் இருந்தால் குழந்தை ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை நாலு நாள் தங்குகிற மாதிரி வா என்றாள். சரி என்றேன். பக்கத்தில் போனால் மறுபடி அழுமோ என்று பயந்து, தூரமாக நின்றே பேசிவிட்டு வண்டியில் ஏறினேன்.

"மாமாவுக்கு டாட்டா சொல்லு கண்ணு" என்றாள்.

குழந்தை வாய் நிறையச் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கி அழகாக ஆட்டியது. எனக்குச் சந்தேகமே இல்லை, என்னை அதற்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுக்கு நான் போன ஒவ்வொரு தடவையும் காபியைக் குடித்துவிட்டு அவசரமாக எழுந்திருக்கும்போது, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை இதைத்தான் சொல்லியிருக்கிறாள். போகிற மாமனை அதற்கு நன்றாகத் தெரியும்.