கம்பைலர் நீக்கிய மூன்று வினாடி

கரமனையில் நாங்கள் செய்வது தண்ணீர் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி. ஈயத்தால் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலைக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதியவர் வளைகுடாவுக்குப் போனபோது, அவர் விட்டுச்சென்ற தாள்களைப் பார்த்துப் பார்த்து, சிப்பின் ஆணைகளை நேராக எழுதும் அசெம்ப்ளி மொழியைக் கற்றேன். ஆங்கிலம் என்றாலே பயம். ஆனால் அந்தச் சிப்புக்கு முப்பத்தைந்தே ஆணைகள். அவ்வளவு சொற்களை மனப்பாடம் செய்துவிடலாம். நான் ஒரு வரி எழுதினால் அசெம்ப்ளர் என்ற மென்பொருள் அதை ஓர் ஆணையாக மாற்றித் தரும். கூட்டாது, குறைக்காது.

சென்ற வருடம் அந்தச் சிப் வருவது நின்றது. புதிய சிப்புக்கு ஆணைகளே வேறு. எல்லாவற்றையும் மறுபடி எழுத மூன்று மாதம் கேட்டேன். முதலாளியோ ஸ்ரீவராகத்திலிருந்து ஓர் இஞ்சினியர் பெண்ணை வேலைக்கு எடுத்தார். அவள் என் தாள்களைப் பார்த்து சி மொழியில் எழுதினாள். அதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர் என்ற மென்பொருளின் பாடு. நாளை வேறு சிப் வந்தால் கொஞ்சம் திருத்தினால் போதுமாம். நாலே நாளில் முடித்துவிட்டாள். இனி எனக்கு இங்கே என்ன வேலை? பழையபடி பற்றவைக்கப் போகலாமென்றால் கண்ணும் முன்போல் இல்லை.

பத்துப் பெட்டிகள் மறுநாள் காலை வித்துராவுக்குப் போக வேண்டும். சோதிக்கும் மோட்டாரை இணைத்து அவள் பட்டனை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. சுழலவில்லை.

மோட்டார் கிளம்பும்போது ஒரு கப்பாசிட்டர் மூன்று வினாடி சேர்ந்து தள்ளிவிட வேண்டும். அதை இணைப்பதும் பிறகு கழற்றுவதும் ரிலே என்ற சின்ன சுவிட்ச். முதலில் ஒரு ‘டக்’, மூன்று வினாடி கழித்து இன்னொன்று கேட்க வேண்டும். எனக்கு ஒன்றுதான் கேட்டது. சொன்னால் பொறாமை என்பார்களோ? சொல்லாவிட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். யோசித்து முடிக்கும் முன்பே என் கை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது.

“ஏன் ஓய் நிறுத்தினீர்?” என்றார் முதலாளி. “உம்ம சிப் இல்லேன்னதும் கரண்டையே பிடுங்கறீரோ?”

“ரிலே மூணு செகண்டு... நிக்கல மேடம்” என்று அவளிடம்தான் சொல்ல முடிந்தது.

“அது இருக்கே அண்ணா. நீங்க எழுதினாப்பலேதான் எழுதியிருக்கேன்.”

திரையில் காட்டினாள். இருந்தது. மூன்று வினாடி கழிவதற்காக, வேறெதுவும் செய்யாமல் ஓர் எண்ணைப் பூஜ்யம்வரை குறைத்துக்கொண்டே போகும் என் பழைய காத்திருப்பு. அப்படியானால் தப்பு என்னுடையதா?

“கம்பைலர் என்ன எழுதிச்சுன்னு பாக்க முடியுமா?”

அதற்கும் ஒரு பட்டியல் உண்டு என்று திறந்தாள். என் நாலு பக்க நிரல் அதில் பதினொரு பக்கமாகியிருந்தது. சொற்கள் புதியவை, ஆனால் என் சொற்களின் பங்காளிகள். விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். ரிலேயைப் போடு. அடுத்த வரியிலேயே, ரிலேயை எடு. நடுவில் எதுவும் இல்லை.

“அய்யோ!” என்று தலையில் கைவைத்தாள். “ஒண்ணும் செய்யாம சும்மா சுத்தற லூப்புன்னு கம்பைலர் களைஞ்சுடுத்து அண்ணா. அதுக்கு மோட்டார் தெரியுமோ?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும், நேரத்தை அளக்கும் டைமரைக் கொண்டு அரை மணியில் சரிசெய்துவிட்டாள். இரண்டு ‘டக்’கும் கேட்டன, மோட்டார் சுழன்றது. என் பழைய எண்ணிக்கையே இனி தேவையில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். “இனி உமக்கு என்ன வேலை ஓய் குடுக்கறது?”

கேட்டே விட்டார். “எழுதறத அவங்களே எழுதட்டும்” என்றேன். “சிப்புல ஏத்துறதுக்கு முன்னால அந்தப் பட்டியல எனக்குத் தாங்க. நான் படிச்சுப் பாக்கேன்.” அங்கே நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“அதுவும் சரிதான்” என்றாள் அவள், முதலாளிக்கு முன்பாக. அவர் மறுக்கவில்லை.

அடுத்த வகைப் பெட்டிக்கான பட்டியல் திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது; பதினாலு பக்கம். மத்தியானத்துக்குள் படித்து முடித்தேன். எதுவும் விடுபட்டிருக்கவில்லை, அல்லது என் கண்ணுக்குப் படவில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.